ரெண்டு பாட்டில் குளுக்கோஸ்

போன வாரம் நர்மதாவைக் குளியலறைக் கதவைப் பிடித்தபடி நிற்கவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.

ஆசைப்பட்டு நிற்கவில்லை. தரை ஈரமாக இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, பாதத்துக்குத் தெரியவில்லை. முட்டிக்குக் கீழே மரத்துப் போய், காலில் யாரோ சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டாற்போல இருந்தது. காலையில் குடித்த கம்மங்கூழ் வந்த வழியே போய்விட்டது. அது இப்போதெல்லாம் தினப்படி நடப்பு.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் மஞ்சள் காடும் தென்னந்தோப்புமாக வாழ்கிற குடும்பம் இது. மாமனார் காலமாகிவிட்டார். மாமியார் கந்தம்மாள் சொன்னால் சொன்னதுதான். மகன் தீனதயாளன் போர்வெல் வண்டி ஓட்டுகிறான். அவன் மனைவிதான் நம் நர்மதா.

உடம்பு பெருத்து, சர்க்கரையும் ஏறி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததில் புருஷன் அரண்டு போனான். எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொள்வது என்று இருவரும் முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான், நான் குறை சொல்லமாட்டேன். செய்துகொண்ட விதம்தான் வினையாகிவிட்டது. சேலத்திலோ கோயமுத்தூரிலோ படுத்தால் எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் சொந்தபந்தத்தில் ஒரு ஒறம்பரை உட்கார்ந்திருக்கும், பொழுது சாய்வதற்குள் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்து, "டூர் போறோம்" என்று வீட்டில் சொல்லிவிட்டுத் துருக்கிக்கே விமானம் ஏறிவிட்டார்கள்.

அங்கே வயிற்றைச் சிறிதாக்கித் தைத்தார்கள். புறப்படும்போது கையில் ஒரு ரோஜாப்பூவைக் கொடுத்து, "ஆயுசு முழுக்க வாட்ஸ்அப்பில் கூடவே இருப்போம்" என்றும் சொன்னார்கள். ஊர் திரும்பிய முதல் மாதம் இருந்தார்கள். பிறகு இவள் அனுப்புகிற செய்திக்கு ரெண்டு டிக் விழும், நீலமாக மாறாது. இங்கே ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகக் கூப்பிட்டால், "பண்ணினவங்ககிட்டயே காட்டுங்க" என்ற ஒரே பதில். போன வாரம் சேலத்தில் ஒரு டாக்டர் ஃபைலைத் திறந்து பார்த்து, அப்படியே மூடிக் கையில் கொடுத்துவிட்டார்.

நர்மதா ஆனாலும் சளைக்கவில்லை. புத்தியுள்ள எவளும் செய்வதைப்போல ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பிடிவாதத்துக்கு இன்றைக்குத்தான் பலன் கிடைத்தது.

கட்டிலில் கிடந்த போன் அடித்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து எடுத்தாள்.

"நர்மதாங்களா? நான் டாக்டர் ஜீவா, சேலத்துல இருந்து. எங்க ரிசப்ஷனுக்கு நெறைய தடவை கூப்பிட்டிருக்கீங்க போல."

"ஆமாங்க மேடம். தொந்தரவு பண்ணிப்போட்டனுங்க."

"பண்ணினது நல்லதுதான். வாந்தி எவ்வளவு நாளா இருக்கு?"

"மூணு வாரத்துக்கு மேல ஆகுதுங்க. கூழு, சாறு, தண்ணி, எது குடிச்சாலும் நிக்கறதில்லீங்க."

"கால் மரத்துப் போகுதா?"

"முட்டிக்குக் கீழ இருக்கறதே தெரியலீங்க."

"பார்வை?"

நர்மதா தயங்கினாள். இதை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. "நேத்துல இருந்து ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க. சன்னல் கம்பி, கதவு எல்லாம்."

டாக்டரின் குரலில் இப்போது அவசரம் இருந்தது, பதற்றம் இல்லை.

"இன்னைக்கே கிளம்பி வந்துடுங்க. ஆபரேஷனை யார் பண்ணினாங்கங்கறது எனக்கு இப்ப முக்கியமில்ல. இனிமே நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணை மட்டும் நல்லாக் காதுல வாங்கிக்கோங்க. வர்ற வழியில யாரும் உங்களுக்கு குளுக்கோஸ் ஏத்தக்கூடாது. இவ்வளவு நாள் வாந்தியில உடம்புல பி-ஒன் வைட்டமின் தீர்ந்து போயிருக்கும். அது இல்லாம குளுக்கோஸ் உள்ள போனா, இருக்கற கொஞ்சநஞ்சத்தையும் இழுத்துக்கும். மூளை பாதிக்கலாம். நடை போகலாம், ஞாபகம் போகலாம். முதல்ல வைட்டமின், அப்புறம்தான் மத்ததெல்லாம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

போனை வைத்த பிறகு நர்மதா அழுதாள். ஞாபகம் போகும் என்றதற்காக அழவில்லை. "இனிமே நான் பாத்துக்கறேன்" என்று ஒரு டாக்டர் சொன்னதற்காக அழுதாள். இத்தனை வாரமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் ஊர் ஊராகப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபைலை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

தீனதயாளன் கார் சாவியோடு உள்ளே வந்தான்.

"கிளம்பு புள்ள. அம்மா குழந்தைவேல் டாக்டர்கிட்டச் சொல்லி வெச்சிருச்சு. ரெண்டு பாட்டில் ஏத்தினா தெம்பு வந்துருமாமா."

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. காய்ச்சலா, ரெண்டு பாட்டில். மாரியம்மன் பண்டிகை முடிந்து அசதியா, ரெண்டு பாட்டில். மகள் மாமியார் வீட்டிலிருந்து முகம் வாடி வந்தாலும் ரெண்டு பாட்டில் ஏற்றித்தான் திருப்பி அனுப்புவார்கள். பாட்டில் ஏற்றாமல் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுக்கிற டாக்டரை, "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று ஒதுக்கிவிடுவார்கள்.

நர்மதா டாக்டர் ஜீவா சொன்னதைப் புருஷனிடம் சொன்னாள். ரெண்டு ரெண்டாகத் தெரிவதையும் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது, ஆனாலும் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பேசினான்.

"அம்மா பிளாஸ்க்கும் கையுமா வண்டியில ஏறி உக்காந்துக்கிச்சு. இப்பப் போயி சேலம்னு சொன்னா எதுக்கு, ஏன்னு நோண்டும். ராசிபுரத்துல ஒரே ஒரு பாட்டிலப் போட்டுக்குவோம். அம்மாவைக் கொண்டாந்து ஊட்டுல விட்டுப்போட்டு, நாம பொழுதோட சேலம் போயிக்கலாம்."

"பாட்டிலே ஆகாதுன்னு சொல்றனுங்க."

"சக்கரைத் தண்ணி புள்ள அது. அதுல என்ன ஆகப்போவுது?"

பாறையைக் குடைந்து ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் எடுக்கிற மனுஷன். பெற்ற தாயிடம் ஒரு வாக்கியம் சொல்ல நாக்கு எழும்பவில்லை. நர்மதாவுக்கு வந்த கோபத்துக்கு உடம்பில் தெம்பு மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கே ஒரு வழி பண்ணியிருப்பாள்.

"சரிங்க. டாக்டர்கிட்ட நானே தனியாச் சொல்லிக்கறேன். நீங்க வண்டிய எடுங்க."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தாள். முன் சீட்டில் கந்தம்மாள் சேலை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்க்.

"ஆட்டுக்கால் சாறு வெச்சிருக்கறேன் அம்மிணி. மொளகு தூக்கலாப் போட்டிருக்கறேன். ஒரு டம்ளர் குடிச்சுக்கோ, டாக்டர்கிட்டப் போறதுக்குள்ள தெம்பா இருக்கும்."

இந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மருமகள் மெலிய ஆரம்பித்த நாளிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. காலையில் கூழ், பத்து மணிக்கு நாட்டுக்கோழிச் சாறு, சாயங்காலம் பச்சைப்பயறு. எல்லாம் பெரிய சொம்பு டம்ளரில், விளிம்பு வரைக்கும். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள். நர்மதா ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மாமியார் நீட்டுகிற டம்ளரை மறுக்கிற பழக்கம் அவளைப் பெற்ற வீட்டிலும் இல்லை, வந்த வீட்டிலும் இல்லை. குடித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுப்பாள்.

இன்றைக்கும் கை தன்னால் நீண்டது. ரெண்டு வாய் குடித்தாள்.

"தனப்பிரியா காலையில போன் பண்ணுனா," என்றாள் கந்தம்மாள், மகளை நினைத்த பெருமையோடு. "குமாரபாளையத்துல அக்கம்பக்கத்துப் பொம்பளைகளோட காசிக்குக் கிளம்பிட்டாளாம். பெங்களூர் போயி பிளேன் ஏறறாங்களாம். ஒரு வாரம் போன் எடுக்கமாட்டேன், தேடாதீங்கன்னு சொல்லிப்போட்டா. அவ ஒடம்புக்குக் காசியில அத்தனை படி எறங்கறது கஷ்டந்தான், ஆனா பக்தி வந்துருச்சே."

தீனதயாளன் ஏ.சி.யைக் கூட்டினான். கூட்டியதைத் திரும்பக் குறைத்தான். நர்மதா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"வண்டிய நிறுத்துங்க."

ஓரத்து மரவள்ளிக் காட்டைப் பார்த்துக் குனிந்து, குடித்த ரெண்டு வாயையும் கக்கினாள். கந்தம்மாள் இறங்கி ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

"கண்ணு பட்டுப்போச்சு அம்மிணி உனக்கு. வெளிநாடு போயிட்டு வந்தியே, அத்தனை பேரு கண்ணும் பட்டுப்போச்சு. இன்னைக்குப் பாட்டில் ஏத்திட்டு வந்தொடனே சுத்திப் போடறேன்."

அந்தக் கை முதுகில் மெதுவாக ஏறி இறங்கியது. நர்மதா மாமியாரை நிமிர்ந்து பார்க்காமல் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

ராசிபுரத்தில் குழந்தைவேல் டாக்டரின் கிளினிக்கில் வெளியே வரைக்கும் கூட்டம். கந்தம்மாள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால், டாக்டரைப் பார்க்காமலே நேராக உள்ளே கட்டிலுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். தலைமாட்டில் கம்பியில் பாட்டில் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் போட்ட கணக்கு அங்கேயே கவிழ்ந்தது.

கந்தம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்து மருமகளின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையில் நர்ஸ் ரப்பர் குழாயைக் கட்டி நரம்பைத் தட்டினாள்.

"டாக்டரைப் பாக்கோணுங்க," என்றாள் நர்மதா.

"பாட்டில் ஓடிட்டே இருக்கட்டுங்க்கா. சார் ரவுண்ட்ஸ் வரும்போது பாப்பாரு."

நர்மதா வாசலைப் பார்த்தாள். தீனதயாளன் அங்கே நின்று, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான். நீ சொல்லு என்று அவள் கண்ணால் கெஞ்சினாள். அவன் அடுத்த மாதத்தைப் புரட்டினான்.

ஊசி நரம்புக்குப் பக்கத்தில் வந்தது. நர்மதா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. ஏத்தாதீங்க."

"எறும்பு கடிச்சாப்பல இருக்கும், அவ்வளவுதாங்க்கா."

"பயப்படாத அம்மிணி, நான் இருக்கறனில்ல," என்றாள் கந்தம்மாள்.

"அத்தை, நீங்க சித்த வெளிய..." என்று ஆரம்பித்தாள் நர்மதா. ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

இப்போது இவர்களை வெளியே அனுப்பிவிட்டு நர்ஸிடம் காதோடு சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அப்புறம்? சாயங்காலம் மறுபடியும் ஒரு டம்ளர் வரும். நாளைக்கு இன்னொரு டம்ளர். சேலம் டாக்டர் மருந்து கொடுப்பார், வீட்டில் மருந்துக்கு மேல் ஒரு சொம்பு சாறு போய் விழும். ஒளித்து ஒளித்துப் பிழைக்க முடியாது என்பது அவளுக்கு அந்தக் கட்டிலில் தெளிவாகத் தெரிந்தது. பள்ளிக்கூடம் போயிருக்கிற மகள் நித்யஸ்ரீயின் முகம் கண்ணுக்குள் வந்தது. பெற்ற மகளின் பெயரே மறந்துபோகிற அளவுக்கு ஒரு ரகசியம் பெரிதா என்ன?

"இல்லீங்கத்தை. நீங்க இருங்க. நீங்களும் கேட்டுக்கோங்க."

எழுந்து உட்கார்ந்தாள். பாட்டில் ரெண்டாகத் தெரிந்தது, மாமியாரும் ரெண்டாகத் தெரிந்தாள்.

"நாங்க டூர் போகலீங்கத்தை. துருக்கியில எனக்கு ஆபரேஷன் பண்ணியிருக்குதுங்க. ஒடம்பு குறையறதுக்கு. வயித்துல முக்கால்வாசிய வெட்டி எடுத்துட்டாங்க. இப்ப என்ற வயிறு இத்தனாம் பெருசுதானுங்க. நீங்க குடுக்கற டம்ளர் அதுல அடங்காதுங்க. மூணு வாரமா அத்தனையும் வாந்தியாப் போச்சு. சேலத்து டாக்டரம்மா, குளுக்கோஸ் ஏத்தினா மூளை பாதிக்கும்னு சொல்லியிருக்கறாங்க. உங்ககிட்டச் சொல்லாதது என்ற தப்பு. கேக்கறதெல்லாம் அப்பறம் கேளுங்கத்தை, இப்ப இந்தப் பாட்டில மட்டும் கழட்டச் சொல்லுங்க."

நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கந்தம்மாளைப் பார்த்தாள். கந்தம்மாள் மகனைப் பார்த்தாள். மகன் காலண்டரை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"கழட்டு," என்றாள் கந்தம்மாள்.

சத்தம் கேட்டு வந்த குழந்தைவேல் டாக்டர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். விரலை நீட்டி, கண்ணால் பின்தொடரச் சொல்லிப் பார்த்தார். நிற்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரே கம்பியிலிருந்து பாட்டிலைக் கழற்றினார்.

"சொன்னீங்க, பொழைச்சீங்க. நான் ஒரு வார்த்தை கேக்காமயே ஏத்தச் சொல்லியிருக்கறேன் பாருங்க. ஊர்ல எல்லாருக்கும் ஏத்தி ஏத்திப் பழகிப்போச்சு. அந்த டாக்டர் நம்பரைக் குடுங்க, நான் பேசறேன். நீங்க எங்கயும் நிக்காம சேலம் போங்க."

கந்தம்மாள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காருக்கு நடந்தாள். இந்தத் தடவை முன் சீட்டில் ஏறவில்லை. பின் கதவைத் திறந்து மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மல்லூர் வரைக்கும் தீனதயாளன் கண்ணாடியில் பின்னால் பார்ப்பதும், அம்மா பார்த்தால் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினான்.

"என்ற கையாலதான அத்தனையும் ஊத்திக் குடுத்தேன்?" என்றாள் கந்தம்மாள் கடைசியில். "வாங்கி வாங்கிக் குடிச்சியே. ஒரு நாளாச்சும் வேண்டாங்கத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல."

"ஆசையாக் குடுத்தீங்க. சொல்ல மனசு வல்லீங்க."

"மனசு வல்லியா, பயமா?"

நர்மதா பொய் சொல்லி அலுத்துப் போயிருந்தாள். "ரெண்டுந்தானுங்க."

கந்தம்மாள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, "நானும் மொகம் பாத்துப் பேசற ஆளில்லதான்," என்றாள். அது மன்னிப்புக் கேட்பதா, மன்னிப்பதா என்று நர்மதாவுக்குத் தெரியவில்லை. ரெண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் முன்னால் இருந்தவன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, எதுத்தாப்பல உக்காந்து மூணு வேளையும் சோறு தின்னியே. இவ குடிக்கறதையும் பாத்த, போயி வாந்தி எடுக்கறதையும் பாத்த. உனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அம்மா, அது வந்து..."

"ஒண்ணும் வர வேண்டாம். இந்தா, இந்தச் சாறு வீணாப் போகுது, நீயே குடி."

அவன் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வாங்கி, மிளகுக் காரத்தில் கண் கலங்கக் குடித்தான். மறுபடியும் டம்ளர் நிறைய வந்தது. மறுக்காமல் அதையும் குடித்தான். நர்மதாவுக்குப் பல வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

டாக்டர் ஜீவா அவர்களைக் காக்க வைக்கவில்லை. நர்மதாவை உடனே படுக்க வைத்து வைட்டமின் மருந்தை ஏற்றச் சொன்னார். அது ஏற ஆரம்பித்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்.

"ஆபரேஷன் தப்பில்லம்மா. உங்க மருமகளுக்குத் தேவைப்பட்டதுதான். ஆனா அது ஒரு நாள் வேலை. அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க ரத்தம் பாக்கறது, வைட்டமின் குடுக்கறது, சாப்பாட்டைக் கவனிக்கறது, அதுதான் நிஜமான வைத்தியம். அதைக் கடல் தாண்டி இருந்துக்கிட்டு போன்ல பண்ண முடியாது. நாளைக்குக் குழாய் விட்டு, உள்ள பாதை எங்கயாவது குறுகியிருக்கான்னு பாக்கறேன். கால் சரியாக நாளாகும். பார்வை சீக்கிரம் தெளிஞ்சிடும்னு நம்பறேன்."

நம்பறேன் என்றுதான் சொன்னார், தெளிந்துவிடும் என்று சொல்லவில்லை. நர்மதா அதைக் கவனித்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இனி பயந்தால் சொல்லிக்கொள்ள ஆள் இருந்தது.

"வீட்டுல சமைக்கறது யாரு?" என்றார் டாக்டர்.

"நானுங்க," என்றாள் கந்தம்மாள், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளையைப்போல.

டாக்டர் ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஒரு வேளைக்கு இவ்வளவுதான். இதையும் மெதுவா, அரை மணி நேரம் வெச்சுச் சாப்பிடணும். தண்ணி தனியா, கொஞ்சங் கொஞ்சமா."

கந்தம்மாள் கிண்ணத்தை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். உள்ளங்கையில் வைத்து அளவு பார்த்தாள்.

"கைக்கொழந்தைக்குச் சங்குல ஊட்டறாப்பலங்களா?"

"அப்படியே நெனச்சுக்கோங்கம்மா."

"ரெண்டு கொழந்தைகளுக்கு ஊட்டி வளத்திருக்கறனுங்க. இதென்ன பெரிய வேலை." கிண்ணத்தை இடுப்புப் பைக்குள் செருகிக்கொண்டாள். "இதை நான் எடுத்துக்கறனுங்க டாக்டரம்மா. ஊட்டுல இருக்கற டம்ளரையெல்லாம் பரண்ல ஏத்திப்போடறேன்."

சாயங்காலம் ஆனது. முதல் மருந்து முழுக்க இறங்கி, சேலைன் சொட்டிக்கொண்டிருந்தது. நர்மதா பல நாளைக்குப் பிறகு வாந்தி இல்லாமல் ஒரு மணி நேரம் தூங்கி விழித்தாள். கந்தம்மாள் அவள் காலைத் தன் மடியில் வைத்துப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் நர்மதா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

தலையணைக்குப் பக்கத்தில் போன் 'டிங்' என்றது.

"சித்த படிச்சுச் சொல்லுங்க. எழுத்தெல்லாம் ரெண்டாத் தெரியுது," என்று போனைப் புருஷனிடம் நீட்டினாள்.

தீனதயாளன் வாங்கிப் பார்த்தான். பார்த்தவன் படிக்கவில்லை.

"யாருங்க?"

"துருக்கி."

இத்தனை வாரமாகச் செத்துக் கிடந்த அந்த எண் இன்றைக்கு உயிர் பெற்றிருந்தது. நர்மதா தலையை நிமிர்த்தினாள். "படிங்க."

"ஒண்ணுமில்ல புள்ள, அப்பறம்..."

"படிடா," என்றாள் கந்தம்மாள்.

அவன் இங்கிலீஷை ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழாக்கிப் படித்தான். "அன்புள்ள நர்மதா. பதில் தர முடியாததுக்கு வருந்தறோம். உங்க நாத்தனார் இன்னைக்கு ராத்திரி விமானம் ஏறறாங்க. அவங்களை எங்ககிட்ட அனுப்பி வெச்சதுக்கு நன்றி." அதன் கீழே ஒரு ரோஜாப்பூப் படம் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை.



"நான் யாரையும் அனுப்பலீங்க," என்றாள் நர்மதா. சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. "நீங்க சொன்னீங்களா?"

"நீ மெலிஞ்சதைப் பாத்துப்போட்டு நச்சரிச்சுட்டா. அந்த எடத்து நம்பரை மட்டுந்தான் குடுத்தேன். யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

"நான் வாந்தி எடுக்கறதைச் சொன்னீங்களா?"

அவன் போன் திரையைச் சட்டையில் துடைத்தான்.

"தனம் காசிக்கில்ல போயிருக்கறா?" என்றாள் கந்தம்மாள்.

கேட்டவள் மகன் முகத்தைப் பார்த்துவிட்டு, மருமகளின் காலை மடியிலிருந்து மெதுவாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள். ஒரே நாளில் வெளுத்துப்போன ரெண்டாவது டூர். ஒரே பொய்யை ஒரே வீட்டில் ரெண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள், ரெண்டு தடவையும் அவள் நம்பி வழியனுப்பியிருக்கிறாள்.

நர்மதா போனை வாங்கி, கண் ஒன்றை மூடிக்கொண்டு தனப்பிரியாவின் பெயரைத் தேடி அழுத்தினாள். எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். எடுக்கவில்லை. விடவில்லை, மூன்றாவது தடவையும் அழுத்தினாள். விடுகிற பழக்கம்தான் அவளுக்கு இல்லையே.

"அண்ணி, இங்க காசியில சிக்னலே இல்ல, கோயில்ல இருக்கறேன்..." என்றது தனப்பிரியாவின் குரல். அந்தக் கோயிலில் பின்னால் ஒரு பெண் இங்கிலீஷில் கேட் நம்பரை அறிவித்துக்கொண்டிருந்தாள்.

நர்மதா வாயைத் திறப்பதற்குள் கந்தம்மாள் கையை நீட்டினாள். திட்டித் தீர்க்கப் போகிறாள் என்று தீனதயாளன் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தான்.

"தனம், அம்மா பேசறேன். எனக்கு எல்லாந் தெரியும் சாமி. நான் திட்டலை. ஆபரேஷன் பண்ணிக்கோணுமா, பண்ணிக்கோ. நானே கூட்டியாந்து இங்க சேலத்துல படுக்க வெக்கறேன், எவன் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன். உன்ற அண்ணி இங்க ஆஸ்பத்திரியில கெடக்கறா. அவளால நடக்க முடியல. அங்க எவனும் போன் எடுக்கல. நீ பொட்டியத் தூக்கிட்டு வெளிய வா."

எதிர்முனையில் மறுபடியும் அறிவிப்பு கேட்டது. பிறகு தனப்பிரியாவின் குரல் குழந்தையினுடையதைப்போலச் சின்னதாக வந்தது.

"பொட்டி உள்ள போயிருச்சும்மா."

"பொட்டி போனாப் போகுது. நீ வா."

போன் துண்டிக்கப்பட்டுவிட்டதா, தனப்பிரியா பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. கந்தம்மாள் அதைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை.